வாயிலில் நிற்பவர்

நெய்வேலி நேயர்களுக்குச் சுரங்க வாயிலின் கட்டுப்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. அட்டையைக் காட்டாது உள்ளே செல்ல இயலாது. தேவாலய வாயிலோ எவருக்கும் திறந்திருக்க வேண்டியது. அதனைக் காப்பது எங்ஙனம்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியா முன்கூட்டியே அனுப்பிய எச்சரிக்கை அவ்வாலயங்களை எட்டவே இல்லை! கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கொலைஞர்கள் வழிபடுவோர் நடுவே புகுந்துவிட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்தது வேறு. பெரும் பையுடன் வந்தவனை ஐயுற்ற சபையார் ஒருவர், வினவி, உள்ளே விடாது தடுத்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. தடுத்தவரும், ஞாயிறு பள்ளி முடிந்து அங்கே நின்றிருந்த சிறுவர் பலரும் மடிந்தனர். உள்ளிருந்த பெருந்திரளினர் பிழைத்தனர்.

ஆகவே, வரவேற்க நிற்பவரே முதற் காவலர். "யாரைக் காண வந்தீர்கள், ஐயா?" என்னும் இன்சொல், வழிபட வந்தவருக்கு வரவேற்பு, வஞ்சகனுக்கு இடையூறு. ஆயினும், அச்சிறுவரை நினைந்தால், குழந்தைகள் கூடுமிடம் வாயிலை ஒட்டி அமைதலாகாது என்பதும் விளங்கும். பக்கக் கதவுகள் உள்ளிருந்து எளிதில் திறக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். போலீசாருக்குத் தொலைபேசுபவர் யார், மக்களை வெளியேற்றுபவர் யார் என்பதை முன்னரே வகுத்து ஒத்திகையும் பார்த்தல் நலம். சுரங்கத்தில் இத்தகைய ஒத்திகைகளில் பழகியவர்கள் நம் ஊர்ச் சபைகளிலேயே இருக்கின்றனர். அவர்களிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.