மலை ஏறும் கால்களுக்கும் பயிற்சி வேண்டுமா?

ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில், மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்கள் பலர் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். வலி விடாவிட்டாலும் மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும்.

“நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறோம், இதற்கு மேல் காலுக்கு என்ன பயிற்சி?” என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

கெண்டைக்காலில் இரண்டு முக்கிய தசைகள் உண்டு. வெளியே திரண்டு தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். இரண்டும் சேர்ந்து அக்கிலீஸ் நாணாகிக் குதிகால் எலும்பில் இணைகின்றன. ஏற்றத்தில் உடலை உந்தித் தள்ளுவதும், நிற்கும்போது முன்னே சாயாமல் பிடித்திருப்பதும் இவைதான். சுருங்கும் ஒவ்வொரு முறையும் காலிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுவதால் இவற்றை ‘இரண்டாவது இதயம்’ என்றும் சொல்வார்கள்.

ஆனால், கொழுந்து பறிப்பவர் நடக்கும் நேரத்தைவிட சரிவில் நிற்கும் நேரமே அதிகம். அப்போது தசை தளராமல் இறுகியே இருக்கும். இரத்தம் கீழே தேங்கும். கால் வீங்குவதும் நாளங்கள் புடைப்பதும் இதனால் கூடும். கொழுந்துச் சுமையோடு இறங்கும்போது தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. மறுநாள் வலியை அதிகம் தருவது இந்த வகை வேலைதான். பயிற்சியில் அளவான சுமையும் பிறகு ஓய்வும் உண்டு. மலை வேலையில் இரண்டுமே நம் கையில் இல்லை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்து நிமிடம் போதும். சுவரைப் பிடித்து நின்று குதிகால்களை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை செய்து சற்று ஓய்ந்து, மறுபடி பத்து. முழங்காலைச் சற்று மடக்கிச் செய்தால் சோலியஸுக்கு வேலை கூடும். பழகிய பின் ஒற்றைக்காலில் செய்யலாம். முடிவில் ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் பதிய, சுவரை நோக்கிச் சாய்ந்து 30 விநாடி நில்லுங்கள். மலையிலும் இடையிடையே குதிகாலை உயர்த்தி இறக்கினால் தேங்கிய இரத்தம் நகரும்.

இரவில் கெண்டை பிடித்தால் காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். மலையில் கழிப்பறை இல்லாததால் பல பெண்கள் தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறார்கள். உடலில் நீர் குறைவதும் தசைப்பிடிப்புக்கு ஒரு காரணமாகலாம். இதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. தோட்ட நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும்.

எல்லா வலியும் தசை வலியல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நிறம் மாறி வலித்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நடந்தால் வலித்து, நின்றால் விடும் வலி இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களும் புகைப்பவர்களும் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

அன்றைக்கு ஒரு பேர் போகும்தான். ஆனால் நாளைக்கும் மலை ஏற இதே கால்கள்தான் வேண்டும்.