தாலிலின் இருப்புப்பாதையும் தொண்டர் பணியும்

பழம்பொருளைக் காத்தல் இரு வகைப்படும். பொருளை வழக்கினின்று விலக்கி, மேலும் தேயாதவாறு ஓரிடத்தில் வைத்துக் காத்தல் ஒன்று. பண்டுபோலவே பயன்படுத்திக்கொண்டு காத்தல் மற்றொன்று. நாணயமும் செப்பேடும் முதல் வகைக்கு உரியன. இருப்புப்பாதை எவ்வகைக்கு உரியது? இவ்வினாவுக்கு, தொண்டர்கள் தாமே ஏற்று நடத்திய முதல் இருப்புப்பாதையாகிய தாலிலின் பாதையின் வரலாறு விடை தருகின்றது. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் டவின் என்னும் சிற்றூர் உள்ளது. பிரின் எக்லூயிஸ் மலைச் சுரங்கத்தில் வெட்டிய சிலேட்டுக் கல்லை அவ்வூருக்குக் கொணர்வதற்கென 1865-இல் இப்பாதை அமைந்தது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 3 அங்குலமே. 1866-இல் பயணிகளை ஏற்றுதற்கு இசைவு வேண்டியபோது, அரசின் ஆய்வாளர் வந்து நோக்கி, பாலங்களின் அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடம் இன்மையைக் கண்டார். பாலங்களை இடித்துக் கட்டாமல், பெட்டிகளின் ஒரு பக்கத்துக் கதவுகளை நிலையாக அடைத்து, பாலங்களின் கீழே தண்டவாளத்தையும் ஒருபுறம் ஒதுக்கி அமைத்தனர். நிலையங்களின் நடைமேடைகளும் அதற்கேற்ப ஒரே பக்கத்தில் அமைந்தன.

1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டனின் இருப்புப்பாதைக் கம்பெனிகள் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டபோதும், 1948-இல் அவை அரசுடைமையானபோதும், இச்சிறு பாதை அப்பட்டியல்களில் இடம்பெறவில்லை. மறக்கப்படுதலும் சில வேளைகளில் காவலாகும் போலும்! சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்பார் 1911-இல் இதனை வாங்கினார். 1946-இல் சுரங்கம் சரிந்து மூடப்பட்ட பின்னரும், தாம் வாழுங்காறும் வண்டி ஓடும் என்ற தம் சொல்லைக் காத்தார். 1950 சூலையில் அவர் மறைந்தார். எழுத்தாளர் ரோல்ட் முதலியோர் அவ்வாண்டு அக்டோபர் 11-இல் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர்; அதன் பயனாகக் காப்புச் சங்கம் தோன்றிற்று. 1951 மே 14-இல் சங்கத்தின் முதல் வண்டி புறப்பட்டது.

அவர்கள் ஏற்ற பாதையின் நிலை இரங்கத்தக்கது. குறுக்குக்கட்டைகள் உளுத்திருந்தன, தண்டவாளம் புல்லுள் மறைந்திருந்தது. 'தாலிலின்', 'டால்கோக்' என்னும் இரண்டு பழைய எஞ்சின்களுள் டால்கோக் மட்டுமே ஓடும் நிலையில் இருந்தது. மூடப்பட்ட அண்டைப் பாதையாகிய காரிஸின் இரண்டு எஞ்சின்களைச் சங்கத்தார் 25 பவுன் வீதம் வாங்கினர். அவற்றுள் ஒன்றை ஓட்டியபோது, தண்டவாளம் அகன்று போயிருந்தமையின் அது தடம்புரண்டது. ஆகவே முதல் ஆண்டின் பளு முழுதும் 1866-இல் செய்த அவ்வொரு முதிய எஞ்சின்மேல் விழுந்தது. ஆர்வம் மட்டும் போதாது, தொழிலறிவும் வேண்டும் என்பதைத் தொண்டர்கள் முதற்பருவத்திலேயே உணர்ந்திருத்தல் வேண்டும். கட்டை மாற்றுதல், விடியுமுன் நெருப்பு மூட்டி நீராவி எழுப்புதல், சீட்டு வழங்குதல் ஆகிய யாவும் கற்றுச் செய்யவேண்டியவை. துடைப்பவராகத் தொடங்கி, கரி போடுபவராகத் தேர்ந்து, பல்லாண்டுகட்குப் பின்னரே ஒருவர் ஓட்டுநர் ஆகிறார். இக்கல்வி ஓட்டத்தின்போதே ஆளிடமிருந்து ஆளுக்குச் செல்வது. எஞ்சினை நிறுத்தி வைத்தால் இதுவும் நின்றுவிடும்.

ஆயினும் ஓடுவது தேயும். தேய்ந்ததை மாற்ற நேரும். தாலிலின் எஞ்சின் பெரும்பகுதி புதுக்கப்பட்டே 1958-இல் மீண்டது. அது பழைய எஞ்சின்தானா எனக் கேட்பார் உளர். ஏடு பெயர்த்தெழுதிய மரபை அறிந்த நமக்கு இவ்வினா புதிதன்று. ஓலை சிதைய, பாடம் வாழ்ந்தது. பெயர்த்தெழுதுந்தோறும் பாடவேறுபாடும் புகுந்தது. இங்கும் அவ்வாறே. பண்டு கல்வண்டிகள் மட்டுமே சென்ற மலைப்பகுதிக்கு, 1976-இல், நான்ட் குவர்னால் வரை பயணிகள் வண்டி நீட்டிக்கப்பட்டது. அது பயன் மிக்க மாற்றமே எனினும் பழைய வழக்கு அன்று. எப்பகுதி எவ்வாண்டில் மாறிற்று என்ற குறிப்பைப் பேணாத காப்பு, மூலத்தையும் இடைச்செருகலையும் ஒன்றாக்கிவிடும் என்பது எம் கருத்து.

இம்முயற்சியின் புகழ் விரைந்து பரவிற்று. சிறுவர் நூலாசிரியர் ஆட்ரி பாதிரியார் 1952-இல் இங்குத் தொண்டராகக் கார்டு வேலை பார்த்து, இப்பாதையைத் தழுவித் தம் கதைகளில் ஸ்கார்லோய் என்னும் பாதையைப் படைத்தார். 1960-இல் இங்கிலாந்தில் புளூபெல் பாதை, முழு அகலத் தண்டவாளத்தில், தொண்டர்களால் தொடங்கப்பெற்றது. 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக ஏற்ற வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பில் தாலிலின் பாதையும் அடங்கும்.

டவின் நிலையத்தைக் காணச் செல்வோர் அங்குள்ள குற்றகலப் பாதை அருங்காட்சியகத்தை நோக்கிய பின், வண்டியில் ஏறுமுன் பெட்டிகளையும் நோக்குதல் நன்று. கதவுகள் இன்றும் ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளன.