நிழலுக்கு வரும் வெயில்

சாயமேற்றிய பட்டுநூலை நேர்வெயிலில் உலர்த்தினால் நிறம் மங்கும். கார்த்திகை மாத நிழலிலோ எளிதில் உலராது. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் நூல் உலரத் தாமதமானால் தறியும் காத்திருக்கும். வெயிலின் சூட்டை மட்டும் நிழலுக்குக் கொண்டுவந்தால் என்ன? 1881-இல் அமெரிக்கர் எட்வர்டு மோர்ஸ் அறைகளைச் சூடாக்க இவ்வழிக்குக் காப்புரிமை பெற்றார்.

2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் ஆழமற்ற பலகைப் பெட்டி செய்யுங்கள். அடியில் வைக்கோல் திணித்து, மேலே கறுப்பு வண்ணம் பூசிய தகரம் பதியுங்கள். நான்கு விரல் இடைவெளிவிட்டுக் கண்ணாடியால் மூடுங்கள். கொட்டகையின் தெற்குச் சுவரில் சாய்த்து, கீழ்முனையை வெளிக்காற்றுக்கும் மேல்முனையைக் கொட்டகைக்குள்ளும் திறந்துவிடுங்கள்.

சூடான காற்று தானே மேலெழும், விசிறி வேண்டாம். 80 சதவீத ஒப்பு ஈரப்பதமுள்ள 30 டிகிரிக் காற்று 45 டிகிரிக்குச் சூடானால், அந்த 80 சுமார் 35 ஆகும். காற்றிலுள்ள நீர் குறைவதில்லை. நீரை ஏற்கும் திறனே கூடுகிறது. எனவே நூல் விரைந்து உலரும். ஈரக்காற்று வெளியேற எதிர்ச்சுவரின் உச்சியில் துளை விடுங்கள். மூடிய வானத்துக்கு இது மருந்தன்று. எட்டிப்பார்க்கும் வெயிலை வீணாக்காது.