குற்றவாளிக்குச் சிறை, பாதிக்கப்பட்டவருக்கு என்ன?

ஒரு குடும்பத்தின் உழைப்பாளி கொலையுண்டால், கொலையாளியைத் தேடக் காவல்துறை இருக்கிறது. தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. அடைத்து வைத்து உணவளிக்கச் சிறைச்சாலை இருக்கிறது. ஆனால், அவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்களின் நாளைய உணவுக்கு யார் பொறுப்பு? நவீன அரசுகள் நெடுங்காலம் இவ்வினாவை எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃபிரை அம்மையார் 1950களில் இதனை வலியுறுத்தி எழுதினார். அதன் பின்னரே நியூசிலாந்து 1963இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1964இல் பிரிட்டனும், 1965இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமும் அரசுப் பணத்திலிருந்து இழப்பீடு வழங்கத் தொடங்கின.

இஸ்லாமிய வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கருத்து புதிதன்று. கைபரில் நபித்தோழர் ஒருவர் கொல்லப்பட்டார்; கொன்றவர் இன்னார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அந்த உயிரிழப்பு ஈடின்றிப் போய்விடக் கூடாதென, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நூறு ஒட்டகங்களைத் தியத்தாகத் தாமே வழங்கினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

நம் நாட்டில், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றவாளியிடமிருந்து இழப்பீடு பெற்றுத் தரவே வழி செய்திருந்தது. அவன் ஏழையாயின், அல்லது அகப்படாது போயின், பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இக்குறையைப் போக்க 357ஏ என்னும் பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல், புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவாக அது தொடர்கிறது. இதன்படி ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுத்து, அதற்கு நிதியும் ஒதுக்க வேண்டும். குற்றவாளி யாரெனத் தெரியாமல் வழக்கே நடவாத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்தல் வேண்டும்.

இந்நிதி எங்கிருந்து வருகிறது? 2018இல் பெண்களுக்கென வகுக்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி, மாநில வரவுசெலவு ஒதுக்கீடு, நீதிமன்றம் விதிக்கும் அபராதம், குற்றவாளியிடம் மீட்கும் தொகை, அறநிறுவனங்களின் நன்கொடை ஆகியவை இதில் சேர்கின்றன. மத்திய அரசும் 200 கோடி ரூபாயை ஒரு முறை மானியமாக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்தது.

வழங்கும் முறையிலும் எச்சரிக்கை உண்டு. அத்திட்டத்தின்படி தொகையில் 75 விழுக்காடு குறைந்தது மூன்றாண்டுகள் வங்கி வைப்பில் இருக்கும். 25 விழுக்காடு உடனடிச் செலவுக்குக் கிடைக்கும். அநாதையான பிள்ளையின் பணத்தை உறவினர் விழுங்கிவிடாமல் காக்க, சிறாருக்கு 80 விழுக்காடு வைப்பில் இடப்படுகிறது.

எனினும் காயமுற்றவருக்குக் காலம் மிக முக்கியம். ஆகவேதான் உச்ச நீதிமன்றம் 2013இல், அமில வீச்சுக்கு ஆளானோர்க்குக் குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும், அதில் ஒரு லட்சத்தைச் சம்பவம் தெரியவந்த 15 நாட்களுக்குள் அளிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. எவ்வளவு நிதி இருந்தாலும், சிகிச்சை முடிந்து கடனும் ஏறிய பின்னர் வந்து சேரும் பணத்தால் பயன் குறைவே.

இத்தகைய உரிமை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. கேட்பது இரந்து நிற்பதாகும் என எண்ணி ஒதுங்குவோரும் உளர். இது சட்டம் அளித்த உரிமை. இதில் நாணத்திற்கு இடமில்லை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்றுகள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் சட்ட உதவி கோரலாம். காலம் தாழ்த்தாதீர்கள், பெண்களுக்கான திட்டத்தில் மூன்றாண்டு வரம்பு உண்டு.

எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள், தம் தெருவில் இத்துயருக்கு ஆளான ஒரு குடும்பத்திற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உடன் சென்று வரட்டும். அது அக்குடும்பத்திற்குச் செய்யும் பேருதவியாகும்.