பழனிமலையின் சோலையும் புல்வெளியும்

மரம் வைத்தல் அறம் என்பது நம் நாட்டாரது நெடுநாட் கொள்கை. சாலையோரத்தே நிழல்மரம் நாட்டுதலும், குளந்தொட்டு வளஞ் செய்தலும் அறங்களுட் சிறந்தனவாக எண்ணப்பட்டு வந்துள்ளன. ஆயின், மரம் நடுதலே ஒரு மலைக்குத் தீங்காய் முடிதலும் உண்டோ என ஒருவர் வினவின், பலரும் நகைப்பர். அங்ஙனம் முடிந்தமைக்குப் பழனிமலை ஒரு சான்றாகும். அத் தீங்கினை உணர்ந்து, அதனை நீக்குதற்பொருட்டு, அம்மலையில் வாழ்வார் சிலர் கூடிப் பல்லாண்டுகளாக உழைத்து வந்துள்ளனர். அன்னார் மேற்கொண்ட பணி யாது, அதன்கண் உள்ள இடர் யாது, அம்மலைக்கு உலாவச் செல்லும் மாணாக்கராகிய நமக்கு அதில் உரிய பங்கு யாது என்னும் மூன்றனையும் ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

மலையின் இயல்பு

பழனிமலைத் தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பது. சங்க நூல்கள் பொதினி எனக் குறிப்பது இதனையே என்பர் அறிஞர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனது நாடும் இம்மலையைச் சார்ந்ததே. இதன் உயர்ந்த முடி 2,500 மீட்டருக்கு மேற்பட்டது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது.

இவ்வுயரத்தே இயற்கை இரண்டு கோலங் கொண்டு விளங்கிற்று. நீரோடும் பள்ளங்களிலும் மலைமடிப்புகளிலும் சோலை. முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. சோலை மரங்கள் மிக ஓங்கி வளர்வனவல்ல. குடை விரித்தாற்போலத் தலை பரந்து ஒன்றையொன்று நெருங்கி நிற்பன. அவற்றின் அடிமரமெங்கும் பாசியும் பெரணியும் தொற்றிப் படர்ந்திருக்கும். காட்டுச் செண்பகம், நாவலினத்து மரங்கள், உருத்திராக்க இனத்து மரங்கள் முதலியன சோலைக்குரியன. செம்மலர் பூக்கும் காட்டுப் பூவரசு சோலையோரத்தும் புல்வெளியிடையிலும் நிற்கும்.

புல்வெளியில் மரம் ஏன் வளரவில்லை என்பது பலர்க்கு ஐயமாம். மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியில் விழும் உறைபனி இளமரக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ மேற்பகுதி கருகினும் வேரினின்று மீளத் தளிர்க்கும். சோலையின் உள்ளே அப்பனி எளிதிற் புகாது. ஆதலின் சோலைமரத்தின் கன்றுகள் சோலை நிழலிலேயே பிழைத்து வளர்கின்றன. எனவே, இப்புல்வெளி காடு அழிந்தமையால் உண்டான தரிசு அன்று. மக்கள் கோடரி எடுக்கு முன்னரே பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைத்துவந்த நிலமாகும். வரையாடு மேய்வது இப்புல்லையே. பன்னீராண்டிற்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்து மலையை நிறம் மாற்றியதும் இப்புல்வெளியிலேதான்.

இவ்விரண்டனாலும் நிலநாட்டார்க்கு உண்டாகும் பயன் நீர் ஆகும். பெய்த மழையைப் புல்லின் வேரும் அதன்கீழ்க் கிடக்கும் கரிய மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக ஓடைகட்கு விடுகின்றன. மலையின் வடபால் இழியும் நீர் அமராவதியை வளர்க்கின்றது. தென்பால் இழியும் வராகநதி, மஞ்சளாறு முதலியன வைகையோடு கூடுகின்றன. மலைமேல் புல் வாடுமாயின், மதுரையைச் சூழ்ந்த கழனிகட்கும் அது தொலைச்செய்தி அன்று.

தீங்கு வந்த வாறு

மதுரையிலிருந்த அமெரிக்க மறைத்தொண்டர் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலிற் குடியேறினர். பின்னர் ஆங்கில அதிகாரிகளும் வந்தனர். 1863-ஆம் ஆண்டில் ஏரியும் அமைக்கப்பட்டது. வந்தவர் கண்ணுக்குப் புல்வெளி பயனற்ற வெறுநிலமாகத் தோன்றிற்று. விறகு வேண்டி ஆஸ்திரேலிய நாட்டு யூகலிப்டஸ் மரத்தையும், வாட்டில் என்னும் சீகையினத்து மரத்தையும் கொணர்ந்து நட்டனர். நாடு விடுதலை பெற்றபின், தோல் பதனிடுதற்கு வேண்டும் வாட்டிற் பட்டைக்காகவும், ஆலைகட்கு வேண்டும் மரக்கூழுக்காகவும் அரசினர் இவற்றைப் பேரளவில் வளர்த்தனர்; பைன் மரமும் உடன் நடப்பட்டது. நட்டவர் எவரும் தீய எண்ணமுடையவரல்லர். புல்லைக் காணாது மரத்தையே கண்டனர் என்பதே அவர்மேற் சொல்லத்தகும் குறை.

விளைவு பெரிதாயிற்று. வானிற் சுழலும் செயற்கைக் கோள் எடுத்த படங்களைக் கொண்டு அறிஞர் சிலர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியால், 1973 முதல் 2014 வரையுள்ள காலத்திற்குள் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தமை புலனாயிற்று. மரத்தோட்டங்களும் பயிர்நிலமும் அவ்விடத்தைக் கொண்டன. வாட்டில் மரமோ நட்ட இடத்தளவில் நில்லாது தானே பரவும் இயல்புடையது. அதன் விதை மண்ணுள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடந்து, தீப் பட்டபோதும் வெயில் பட்டபோதும் எழும். புல்லினும் மிகுதியாக நீரையும் அஃது உண்ணும்.

மலைவாழ்நர் முயற்சி

1985-ஆம் ஆண்டில் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் என்னும் கழகம் தோன்றிற்று. நாற்றுப்பண்ணைகள் அமைத்து நாட்டு மரங்களை வளர்த்தலும், ஊரார்க்கு மலையின் இயல்பை எடுத்துரைத்தலும் அதன் பணிகளாயின. அறவழக்காடுதற்கும் அது பின்வாங்கவில்லை. அனுமதித்த அளவிற்கு மேல் மாடிகள் எழுப்பிய விடுதி ஒன்றன்மேல் அம்மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. 2001-ஆம் ஆண்டில், வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்றன் பாதரசக் கழிவு கொடைக்கானலிற் கொட்டப்பட்டிருந்தமையை வெளிப்படுத்தினாருள்ளும் இம்மன்றத்தார் இருந்தனர். அவ்வாண்டிலேயே அத்தொழிற்சாலை மூடப்பட்டது. வட்டக்கானலிலும் ஒரு சிறு அறக்கட்டளையார் பாம்பாறு சோலையைச் சூழ்ந்து சோலைச் செடிகளைப் பேணி வளர்த்தனர்.

இத்தகைய முயற்சிக்கு முதற்கண் வேண்டுவது செடிகளின் பெயரும் இனமும் அறிதல். அவ்வறிவைத் தந்தவருள் முதன்மையானவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் செடியகத்தை நிறுவிய அருட்டந்தை கே. எம். மத்தேயு அவர்கள். பழனிமலைச் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறைவனது படைப்பை ஒவ்வோர் இலையாக ஆராய்தலும் ஒரு வழிபாடே என்பதை அவரது வாழ்க்கை காட்டுகின்றது.

சோலைச் செடி வளர்த்தல் எளிய தொழிலன்று. சோலைமர விதைகளுட் பல சின்னாளில் முளைக்கும் ஆற்றலை இழப்பன. ஆதலின் பழம் உதிருங் காலமறிந்து பொறுக்கி, ஈரம் புலராமுன் விதைத்தல் வேண்டும். முளைத்த கன்று மிக மெல்ல வளரும். பண்ணை நிழலிற் பேணிய பின்னரே மழை தொடங்குங் காலத்து நடப்படும். நட்டபின்னும் களை எடுத்தல் வேண்டும். புல்வெளியை மீட்டற்கு வேறு முறை: வாட்டிலை அகற்றி, எஞ்சிய புற்குத்துகளைப் பிரித்து நட்டு, ஆண்டுதோறும் எழும் வாட்டிற் கன்றுகளைக் கையாற் பறித்துக்கொண்டே இருத்தல்.

அறிஞரிடை எழும் வினா

அயல்மரங்களை ஒருசேர வெட்டிவிட்டால் என்ன என்பது யாவர்க்கும் தோன்றும் எண்ணம். நீதிமன்றத்திலும் இது பேசப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசினர் அயற்செடிகளை அகற்றி நிலத்தை மீட்டற்கென ஒரு கொள்கையே வெளியிட்டனர். ஆயினும், மலையில் நெடுநாள் உழைத்தார் சிலர் இங்கே ஒரு தடை கூறினர். முதிர்ந்த வாட்டிலின் கீழும் பைனின் கீழும் பனி விழுவதில்லை; ஆகவே அந்நிழலில், அயலிலுள்ள சோலையினின்று பறவைகள் கொணர்ந்த விதைகள் முளைத்துச் சோலைக் கன்றுகள் எழுகின்றன. அவ்விடத்து மரத்தை வெட்டின், கன்றுகள் நசுங்கும், வெயில் புகும், உறங்கிய வாட்டில் விதைகள் ஆயிரமாயிரமாக எழும். மற்று, விறகிற்கு அம்மரங்களையே நம்பியிருக்கும் ஏழை மக்களையும் மறத்தல் ஆகாது.

இருபாலார் உரையையும் நோக்குமிடத்து, எல்லாச் சரிவிற்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே எமக்குப் புலனாகின்றது. சோலைக் கன்றுகள் எழும் இடத்தில் பொறுத்திருத்தலே நலம். புல் இன்னும் உயிரோடிருக்க, வாட்டில் புதிதாகப் புகும் இடத்திலோ காலந் தாழ்த்தாது களைதல் வேண்டும். மருத்துவன் நோயையும் நோயாளியையும் ஒருங்கே ஆராய்வதுபோல, ஒவ்வொரு சரிவையும் நடந்து கண்டு தெளிதல் இன்றியமையாதது. இந்நடையே இப்பணியின் உயிர்நாடி.

மலைநடையும் நம் கடனும்

கொடைக்கானலில் நடத்தல் பழைய வழக்கம். கோக்கர் நடைபாதை 1872-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மறைத்தொண்டர் மக்கட்கென 1901-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியின் மாணாக்கரும் மலைநடையையும் கூடாரவாழ்வையும் கல்வியின் கூறாகவே கொண்டனர். இக்காலத்திலோ வருவார் தொகை மிக்கது. 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல், உயர்நீதிமன்ற ஆணையின்படி வண்டிகளில் வருவார் முன்னரே பதிந்து இ-பாஸ் பெறும் முறை ஏற்பட்டமை இதனைக் காட்டும்.

நடப்பவரும் அறியாது தீங்கிழைப்பர். வளைந்து செல்லும் பாதையை விடுத்துக் குறுக்கே இறங்கின், அத்தடமே மழைக்காலத்தில் வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். காலணியில் ஒட்டிய சேற்றோடு அயல்விதை சோலைக்குட் புகும். எறிந்த நெகிழிப்பை காட்டெருமையின் வயிற்றை அடையும். ஆதலின் வகுத்த பாதையில் நடத்தலும், வனத்துறையார் அனுமதி வேண்டும் இடங்களில் அதனைப் பெற்றுச் செல்லுதலும், கொண்டுசென்றவற்றைத் திரும்பக் கொணர்தலும் நம் முதற்கடன்.

அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நம் கல்லூரிகளினின்று மாணாக்கர் குழுக்கள் அம்மலைக்கு இன்பச் செலவு போகின்றன. ஏரியில் படகு விட்டுப் படம் எடுத்துத் திரும்புதலோடு அமையாது, ஒரு முற்பகலேனும் நாற்றுப்பண்ணையில் மண் நிரப்பலாம். அறிந்தவர் காட்டும் சரிவில், வனத்துறையார் இசைவோடு, மழையால் மண் நெகிழ்ந்திருக்குங்கால் வாட்டிற் கன்றுகளை வேரோடு பறிக்கலாம். நாற்பதின்மர் கூடின், ஒரு நாளில் ஒரு சிறு சரிவு தூய்மையாதல் அரிதன்று. தாவரவியல் மாணாக்கர் செடியை இனங்காட்ட, தமிழ் மாணாக்கர் மலைவாழ் பளியரிடம் வழங்கும் செடிப்பெயர்களைக் கேட்டுத் தொகுப்பின், அழியும் சொற்களும் காக்கப்படும்.

ஆதி மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த ஆண்டவர் அதனைப் பேணும் வேலையையும் உடன் தந்தனர் என்பதை நாம் சிறுவயது முதற் கேட்டுள்ளோம். குறிஞ்சி தன் வழக்கப்படி மீளப் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அப்பூ மலர்தற்கு அன்று எத்துணைப் புல்வெளி எஞ்சியிருக்கும் என்பது இற்றைநாள் நம் கைகள் செய்வதைப் பொறுத்தது. ஆகலின் அடுத்த மலைச்செலவினை வகுக்கும் நண்பர்கள், செலவுத்திட்டத்தில் இப்பணிக்கும் ஒரு நாளை ஒதுக்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.