தமிழ்நாடு 100 யூனிட் இலவச மின்சாரத் திட்டம்

தமிழ்நாடு 100 யூனிட் இலவச மின்சாரத் திட்டம் என்பது வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்க 2016 இல் கொண்டுவரப்பட்ட அரசு மானியத் திட்டம் ஆகும். அவ்வாண்டு மே 23 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெ. ஜெயலலிதா அன்றே இதற்கான கோப்பில் கையொப்பமிட்டார். இதனால் மின்வாரியம் இழக்கும் வருவாயை மாநில அரசு ஈடுசெய்யும் வகையில் திட்டம் அமைக்கப்பட்டது.

அமெரிக்கா, பிரித்தானியா போன்ற குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு அரசு உதவி வழங்கப்படுகிறது. சென்னையில் அத்தேவை எழுவதில்லை. இங்கு இடர் தருவது கோடை வெப்பமே. 75 வாட் மின்விசிறி ஒன்று நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 54 யூனிட் செலவாகும். ஆகவே ஒரு விசிறியும் சில விளக்குகளும் மட்டுமே உள்ள வீடு கட்டணமின்றித் தப்பலாம்.

திட்டத்தில் வருமான வரம்பு வைக்கப்படவில்லை. சலுகை கணக்கிடப்பட்டதும் குடும்பத்துக்கன்று, இணைப்புக்கே. அடையாறு அடுக்குமாடியில் தனித்தனி இணைப்புள்ள மூன்று குடும்பங்களுக்கு 300 யூனிட் கிடைக்கும்போது, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தன வீடொன்றில் ஒரே இணைப்பைப் பகிரும் மூன்று குடும்பங்களுக்கு 100 யூனிட்டே கிடைக்கும். மேலும், மூவரின் பயன்பாடும் ஒன்றாகக் கூட்டப்படுவதால் கட்டணம் உயர்ந்த படிநிலைக்குச் சென்றுவிடும். வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் பொருத்தி எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வாங்கினால், மானியம் வாடகைக்குக் குடியிருப்போரை எட்டுவதேயில்லை.