சிக்கனமும் அரிசிச் சீட்டும்

'செலவைக் குறை, மீதியைச் சேமி' என்பது நடுத்தர வர்க்க அறிவுரை. சேமித்த தாளின் பெறுமதி நாளையும் குறையாது என்ற நம்பிக்கை அதனுள் ஒளிந்திருக்கிறது. பர்மாவில் அதற்கு வரலாறு இடம் தரவில்லை. 1964இலும் 1985இலும் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் இழப்பீடின்றி ஒழிந்தன. என் தகப்பனாரின் சேமிப்பும் அவற்றோடு போயிற்று. 2021க்குப் பின் அவ்வேலையை விலைவாசியே செய்கிறது. 2018இல் 4,800 கியாட்டாயிருந்த குறைந்தபட்ச நாட்கூலி 2024இல் படியோடு சேர்த்து 6,800 ஆனது. அரிசியும் எண்ணெயும் அதை எப்போதோ முந்திவிட்டன.

விரிவுரையாளனாக நான் கரும்பலகையில் விளக்கிய பணவீக்கத்தை, இன்று தொழிற்சாலைக் கூலியாகத் தின்கன்ஜூனில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளத்தன்றே அரிசியும் கடலையெண்ணெயும் வாங்கிவிடுகிறோம். இரண்டு கறி ஒன்றாயிற்று. (இதை 'எளிய வாழ்வு' என்று புகழும் நண்பர்கள் ஒரு மாதம் வந்து தங்கலாம்.)

எங்கள் தெருப் பெண்கள் சீட்டையே மாற்றிவிட்டார்கள். பத்துப் பேர், பத்து மாதம், ஒரே தொகை என்றால் முதலில் எடுப்பவருக்கு இலாபம். கடைசியில் எடுப்பவருக்கு வருவது அதே எண், ஆனால் குறைந்த அரிசி. ஆகவே அந்தந்த மாதம் நான்கு பியி அரிசி என்ன விலையோ, அதை ஆளுக்குக் கட்டுவதென முடிவாயிற்று. ஒரு பியி ஏறத்தாழ இரண்டு கிலோ. யார் எப்போது எடுத்தாலும் நாற்பது பியி.

இதிலும் ஓட்டையுண்டு. அரிசி ஏறும் மாதத்தில் கூலி ஏறுவதில்லை, கட்டுபவர் திணறுகிறார். இதற்குச் சமையலறையில் விடையில்லை, கூலிப் பேச்சுவார்த்தையில்தான் உண்டு. பேசக்கூடிய தொழிலாளர் அமைப்புகள் பலவோ 2021 பெப்ரவரியிலேயே சட்டவிரோதமாக்கப்பட்டுவிட்டன.